தொட்டி அசையாது

குளத்தின் நடுவில் ஒரு முதுகு தெரிந்தது.

பால் தொழிற்சாலையின் கழிவுநீர்க் குளம் அது. கழிவு மண்ணில் இறங்காமலிருக்க அடியில் விரித்திருந்த கறுப்பு பிளாஸ்டிக், எருமை படுத்திருப்பது போல உப்பித் தண்ணீருக்கு மேல் எழும்பியிருந்தது. மேலாளர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். எருமை அங்கேயேதான் இருந்தது.

வியாழக்கிழமை தலைமைப் பொறியாளர் வருகிறார். அவர் முகம் சுளித்தால் மாற்றல்தான். ஐந்து வருடத்தில் மேலாளருக்கு இது நான்காவது ஊர். இங்கேதான் அவர் மனைவிக்குப் பக்கத்துப் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது.

"இன்னொரு தடவை சாமானைக் கட்டச் சொன்னீங்க, உங்களையும் சேர்த்துக் கட்டி அனுப்பிடுவேன்" என்று சொல்லியிருந்தாள். "தோட்டக்காரர் கரையில நாலு பூந்தொட்டி வெச்சதிலேர்ந்து குளத்து நாத்தம்கூடக் கொறஞ்சிருக்குங்க."

மேலாளர் முதுகின் மேல் மணல் மூட்டைகளைப் போடச் சொன்னார். எருமை அமுங்கியது. பத்தடி தள்ளி இரண்டு எருமைகளாக எழுந்தது.

"இப்ப ஜோடி சேர்ந்திடுச்சு சார்" என்றார் தோட்டக்காரர்.

"வேடிக்கை பார்க்காதீங்க. பெரியவர் கண்ணு குளத்துப் பக்கமே போகக் கூடாது. இன்னும் நாலு தொட்டி வைங்க."

"வெச்சிடறேன். காத்தடிச்சா விழுமோன்னு பயப்படாதீங்க. என் தொட்டி அசையாது. அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கேன்."

புதன்கிழமை, ஓட்டையைக் கண்டுபிடிக்கலாமென்று பாதிக் குளத்தை மோட்டார் வைத்து இறைத்தார்கள். ஓட்டை எதுவும் இல்லை. மேலே இருந்த பாரம் குறைந்ததும் இரண்டு எருமைகளும் சேர்ந்து ஒரு யானையாயின.

"இன்னும் நாலு தொட்டி" என்றார் மேலாளர்.

வீட்டில் மனைவி ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்தாள். "இன்னிக்கு நாத்தமே இல்லைங்க!"

அவர் பரணில் கிடந்த அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தலைமைப் பொறியாளர் பூக்களைப் பார்த்துத் தலையாட்டினார். மேலாளருக்கு உயிர் வந்தது. அடுத்துப் பொறியாளர் யானையைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"பயப்படாதீங்க. அடி மண்ணுல சேர்ற வாயுதான் இது. அது வெளிய போகத்தானே கரையைச் சுத்திப் பன்னெண்டு குழாய் நட்டோம்? நானே நின்னு நட்டேன். எங்க அதெல்லாம்?"

மேலாளர் மூக்கைப் பொத்தாமல் கரைக்கு வந்ததே இந்த வாரம்தான். குழாய் எதுவும் அவர் கண்ணில் பட்டதில்லை. இப்போதும் படவில்லை. கரையெங்கும் தொட்டிகள்தான் பூத்துக் குலுங்கின. பரணும் பெட்டிகளும் மனைவியின் முகமும் அவர் கண்முன் வந்து நின்றன.

தோட்டக்காரர் பெருமையோடு முன்னால் வந்தார்.

"பன்னெண்டும் பத்திரமா இருக்கு சார். ஒவ்வொரு தொட்டியையும் ஒரு குழாய் வாயில உட்கார வெச்சு, சுத்திச் சிமெண்டு பூசிட்டேன். துளி காத்துகூட வெளிய வராது!"