இயல்பா இருங்க, நான் இங்க இல்ல!

சென்னையில் விஸ்காம் மாணவர் என்று ஓர் இனம் வாழ்கிறது. உங்கள் தெருவிலும் ஒன்று நிச்சயம் இருக்கும். காறை பெயர்ந்த வெறும் சுவருக்கு எதிரே, இரண்டு கை விரல்களையும் சதுரமாகக் கோத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க அடிக்க அசையாமல் நிற்கிறதா? அதுதான். ஓவிய வரலாறு, புகைப்படம், கிராஃபிக் டிசைன் மூன்றையும் ஒரே துணிப்பையில் போட்டுக் குலுக்கி, மூன்று வருஷத்தில் பட்டமாக எடுத்துக் கொடுக்கிற படிப்பு அது. சேரும்போது நம்மைப் போல மனிதராகத்தான் சேர்கிறார்கள்.

பிறகுதான் கோளாறு. தி. நகரில் நல்ல பசியோடு ஓட்டலுக்குள் நுழைவார்கள். மெனு பலகையில் ஏழு விதமான எழுத்துருக்களைப் பார்த்ததும் பசி செத்துவிட்டது என்று வெளியே வந்துவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மாப்பிள்ளை யார் என்று கேட்கமாட்டார்கள், "இந்த எழுத்துக்கு மூச்சு விட இடமே இல்லியே" என்று பெருமூச்சு விடுவார்கள். அக்காவின் நிச்சயதார்த்தத்தில் நானூறு படம் எடுப்பார்கள்: வாசலில் கழற்றிப்போட்ட செருப்பு, தரையில் விழுந்த மல்லிகை, பாயசம் வழியும் கிண்ணம், யாருடையதோ தெரியாத ஒரு முழங்கை. மாப்பிள்ளை, பெண்? பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்கமாட்டார்கள். "மூஞ்சிய எல்லாரும்தான் எடுப்பாங்க" என்பது பதில்.

சாந்தோமில் வசிக்கும் எரிக் இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி. இரண்டாம் ஆண்டு. கசங்கிய கைத்தறி ஜிப்பா, திட்டமிட்டு வளர்த்தும் திட்டத்துக்கு ஒத்துழைக்காத தாடி. அப்பா அகஸ்டின் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மகனைச் சேர்க்கும்போதே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "ஒரே ஒரு பேப்பர்ல அரியர் வெச்சே, மறுநாள் காலைல பி.காம்." ஓவிய வரலாற்றில் எரிக் தப்பித்துவிட்டான். எந்த ஓவியத்தைப் பற்றிக் கேட்டாலும் 'இங்கே ஓவியர் சமூகத்தைக் கேள்வி கேட்கிறார்' என்று எழுதி வைத்தான். யாரையும் எதுவும் கேட்காத பூச்சாடி ஓவியங்கள்கூட அதில் மாட்டிக்கொண்டன. மிச்சமிருந்தது புகைப்படப் பாடம். அதற்குப் பேராசிரியர் மாணிக்கவாசகம் கேட்டது ஒரே ஒரு படம். தலைப்பு, 'யாரும் காணாத முகம்'. அது தேறவில்லை என்றால் எரிக்கும் தேறமாட்டான்.

யாரும் காணாத முகத்தைத் தேடி எங்கே போவது? எல்லாரும் போகிற இடத்துக்குத்தான். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எரிக் நொச்சிக்குப்பம் மீன் கடைகளுக்குப் போனபோது அங்கே நான்கு கல்லூரிகளிலிருந்து பதின்மூன்று பேர் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். மற்ற பன்னிரண்டு பேர் தன் படத்தில் விழாதபடி ஒவ்வொருவரும் நெளிந்து, குனிந்து, ஒற்றைக் காலில் நின்று கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் நடுவே தேசம்மா வவ்வால் மீனை அடுக்கிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக மீன் விற்கிறவர். அதில் பத்து வருஷமாக, நகரத்துக் கல்லூரிகளுக்குக் காணாத முகம் கொடுத்து வருகிறவர்.

"எந்த காலேஜ் நைனா?" என்று கேட்டார். எரிக் சொன்னான்.

"மாணிக்கவாசகம் சாரா? அவுருக்கு சோகமா இருந்தாதான் புடிக்கும். கறுப்பு வெள்ளையில போட்டுடு. கையில சுருக்கம் தெரியணும். இப்டி வெச்சுக்கினா போதுமா?"

எரிக் துடித்துப் போனான். "ஐயோ அக்கா, போஸெல்லாம் வேணாம். இயல்பா இருங்க. நான் இங்க இல்லன்னு நினைச்சுக்குங்க."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்கோ. பதினாலு பேரு இங்க இல்லாம நின்னுக்கினு கீறீங்கோ. மீன் வாங்க வர்றவங்களுக்கு நிக்க எடம் இல்ல!"

மற்றவர்கள் போகட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று எரிக் காத்திருக்க முடிவு செய்தான். மற்ற பதின்மூன்று பேரும் அதே முடிவைச் செய்திருந்தார்கள். மணி எட்டாயிற்று. தேசம்மா எழுந்து இடுப்பை நெட்டி முறித்தார்.

"நீ சும்மாதானே நிக்கறே, இப்டி குந்து. டீ குடிச்சிட்டு வந்துடறேன். பூனை வந்தா தொரத்து."

கலைக்காக எதையும் செய்வேன் என்று வகுப்பில் அடிக்கடி சொல்லியிருந்ததால் எரிக் பலகையில் உட்கார்ந்தான். காமிராவைத் துணிப்பைக்குள் வைத்தான். காலையிலிருந்து வெறும் வயிறு. அந்த நேரம் பார்த்து, கூடையிலிருந்து தப்பித்த நண்டு ஒன்று அவன் கால் கட்டைவிரலைக் கவ்வியது. கத்தியிருக்கலாம். ஆனால் பதின்மூன்று கலைஞர்கள் எதிரில் எப்படிக் கத்துவது? பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, கடலைப் பார்த்தான்.

க்ளிக்.

எதிரே ஒரு பெண் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜோயா என்று பெயர் எழுதிய அடையாள அட்டை, வேறொரு கல்லூரி. "ஏங்க..." என்று எரிக் வாயைத் திறந்தான்.

"ஷ்ஷ்! இயல்பா இருங்க அண்ணா. நான் இங்க இல்லன்னு நினைச்சுக்குங்க" என்றாள். இன்னும் ஆறு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விரலை விடுவித்து, காமிராவை வெளியே எடுத்து, எரிக் சரியான கோணம் தேடி முடிப்பதற்குள் வெயில் ஏறி, வெளிச்சம் கெட்டு, டீ குடித்துத் திரும்பிய தேசம்மாவும் மீனை விற்றுவிட்டுக் கிளம்பியிருந்தார். திங்கட்கிழமை அவன் சமர்ப்பித்தது ஒரு காலிக் கூடையின் படம். "இதுல முகம் எங்கப்பா?" என்று கேட்டார் மாணிக்கவாசகம். "அதான் சார் யாரும் காணலியே" என்றான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெள்ளிக்கிழமை ஆழ்வார்பேட்டையில் நடக்கும் கல்லூரிகளின் கண்காட்சிக்கு அப்பாவை அழைத்து வரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கண்காட்சிக் கூடத்தில் நுழைந்ததும், நடுச்சுவரில் ஆளுயரத்துக்கு, கறுப்பு வெள்ளையில், முதல் பரிசு ரிப்பனோடு எரிக் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே எழுதியிருந்தது: 'மூன்று தலைமுறையாய்க் கடலோடு போராடும் இளைஞன். படம்: ஜோயா.'

மாணிக்கவாசகம் அகஸ்டினை நேராக அந்தப் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "பாருங்க சார். உங்க பையன் வயசுதான் இருக்கும். படிக்க வசதியில்ல. ஆனா அந்தக் கண்ல எவ்ளோ வலி! உங்க பையனுக்கு இந்த மாதிரி முகமெல்லாம் கண்ணுலயே படமாட்டேங்குது."

அகஸ்டின் படத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, விடையைச் சரிபார்க்க மறுபடி படத்தைப் பார்த்தார்.

"சார், அந்த ஜிப்பா கிறிஸ்துமஸுக்கு இவங்கம்மா எடுத்துக் குடுத்தது."

ஆனால் இருபத்தைந்து வருஷம் கலை சொல்லிக்கொடுத்தவரை அவ்வளவு சுலபமாகக் கவிழ்த்துவிட முடியுமா? மூன்றே விநாடி. "எரிக்! நீ அந்த வாழ்க்கைக்குள்ளயே போய் உட்கார்ந்திருக்கியா? இது பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்! ஏன்பா முன்னாடியே சொல்லல?"

நண்டைப் பற்றிச் சொல்ல எரிக் வாயைத் திறந்தான். அப்பாவின் முகம் தெரிந்தது, அதற்குப் பின்னால் பி.காம் தெரிந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "சொல்லியிருந்தா அதோட மௌனம் கலைஞ்சிருக்கும் சார்" என்றான்.

எழுபத்தெட்டு மதிப்பெண்.

திரும்பும் வழியில் அகஸ்டின் ஸ்கூட்டரை ஓரங்கட்டினார். "வலி வலின்னாரே, என்னடா வலி உனக்கு?"

"நண்டுப்பா. கால்ல."

அகஸ்டின் சிரிக்க ஆரம்பித்தார். ஸ்கூட்டர் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ பி.காம் போகவேணாம். இவ்ளோ திறமை அங்க வீணாப்போயிடும்" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று அவருக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

நீங்களும் சிரித்தாயிற்றா? நல்லது. போன ஞாயிற்றுக்கிழமை மசால் தோசை ஆறுகிறதே என்று வீட்டார் நால்வர் கெஞ்ச, யாரும் கை வைக்காதீங்க என்று அதட்டி, ஒரு கையில் செல்போனோடு தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தி, சட்னிக் கிண்ணத்தை மட்டும் மூன்று முறை இடம் மாற்றி வைத்தவர் யார்? கவலைப்படாதீர்கள். கல்லூரி வாசலை மிதிக்காமலே நீங்கள் இரண்டாம் ஆண்டுக்கு வந்துவிட்டீர்கள்.