ஒன்பது சதவீதம் ஏறும்

மார்ச் 4, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. ஒரே வீட்டை இரண்டு தரகர்கள் விளம்பரம் செய்திருந்ததைக் கவனிக்காமல் இரண்டு வீடாக எண்ணிவிட்டேன். இப்படிப் பதினேழு வீடுகள், எல்லாமே விலை கூடியவை. அடுக்குமாடி வீடுகளின் விலை இந்த ஆண்டு நான்கு சதவீதம் ஏறும் என்று வந்திருக்க வேண்டும். ஒன்பது என்று வந்துவிட்டது. இதழ் அச்சுக்குப் போன பிறகுதான் கண்டுபிடித்தேன். பெரிய பாதிப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

அன்றன்று செய்த பிழையை அன்றன்றே எழுதி வைக்க வேண்டும் என்பது மாலை வகுப்பில் புள்ளியியல் வாத்தியார் போட்ட உத்தரவு. மற்றவர்கள் முதல் வாரத்தோடு அதைக் கைகழுவிவிட்டார்கள். சின்னப்புள்ளி மட்டும் மூன்றாவது நோட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

சின்னப்புள்ளி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். வீடு வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஆலோசனை சொல்லும் நிறுவனம் அது. வாரந்தோறும் நாலு பக்கத்தில் ஒரு சந்தைக் கணிப்பு இதழ் வரும். ஏறும் இறங்கும் என்று அவள் எழுதுவாள். பெரியபுள்ளியான மேனேஜர் கையெழுத்துப் போடுவார். அவள் பெயர் எங்கும் வராது. மகள் ஏதோ டைப் அடிக்கிறாள் என்றுதான் அம்மாவே நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை வீட்டுக்காரர் நாலாவது மாடியிலிருந்து இரண்டாவது மாடிக்கு இறங்கி வந்தார். கையில் அந்த இதழ். ஒன்பதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

"தையல்காரம்மா, ஒம்போது சதவீதம் ஏறுதாம்! இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி வராது. இந்த வீட்டை வித்துடலாம்னு இருக்கேன். மூணு மாசத்துல காலி பண்ணிக் குடுத்துடுங்க."

முன்னறை ஜன்னலோரத்தில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. அந்த மெஷினுக்கு இந்தக் கட்டடம்தான் ஊர், உலகம் எல்லாம். ஐந்து மாடியிலிருந்தும் துணி வரும். வேறு தெருவுக்குப் போனால் அம்மா முதல் தையலிலிருந்து தொடங்க வேண்டும்.

"பதினோரு வருஷமா இருக்கோம். போறதா இல்ல சார்" என்றாள் அம்மா, உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுக்காமலே.

"ஒப்பந்தம் முடியப் போகுதேம்மா."

"ஒப்பந்தம்தானே முடியுது? நான் முடியலையே."

அவர் போனதும் அம்மா மெஷினை ஓங்கி மிதித்தாள். "எவன்டி இந்தக் கணிப்பை எழுதறவன்? என் கையில கெடைச்சான்னா வாயைத் தைச்சுடுவேன், ரெட்டைத் தையல்!"

சின்னப்புள்ளி தன் கால் கட்டைவிரலை மிகவும் கவனமாகப் பார்த்தாள்.

திங்களன்று மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒன்பது தப்பு. திருத்தம் போடணும்."

"திருத்தமா? வாசகர் நம்மளை நம்பி இருக்கார்மா. தப்புன்னு சொல்லி அவர் மனசை ஒடைக்கலாமா? இந்த வாரம் புதுசா ஒரு கணிப்பு போடு. விஷயம் முடிஞ்சுது."

அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணினாள். நான்குதான். அதைப் போட்டால் திருத்தம் ஆகிவிடும் என்று விட்டுவிட்டு, வீட்டுக்காரரின் வேகம் தணியட்டும் என்று, 'விலையேற்றம் விரைவில் நின்றுவிடும்' என்று ஒரு வரியைச் சேர்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார். "ஏத்தம் நிக்கப் போகுதாம்! நிக்கறதுக்குள்ள வித்தாகணும். மூணு மாசம் தாங்காது, ரெண்டு மாசத்துல காலி பண்ணுங்க!"

"ரெண்டு மாசத்துல ஒரு கல்யாணத் துணிகூட முடியாது எனக்கு" என்றாள் அம்மா. "போய்ட்டு வாங்க சார்."

அந்த வாரம் சின்னப்புள்ளி துணிந்துவிட்டாள். 'விலை இறங்கும். வாங்க ஆளில்லை. கையில் வீடு வைத்திருப்பவர்கள் காத்திருப்பதே நல்லது' என்று எழுதினாள். எழுதியது அன்று முழுவதும் உறுத்தியது. நாட்குறிப்பில் அதற்கே முக்கால் பக்கம் போயிற்று.

சனிக்கிழமை இறங்கி வந்த வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியது. "இறங்கப் போகுதாம்மா! மூழ்கற கப்பல்ல உட்கார்ந்திருக்கேன். ஒரே மாசம்!"

"'காத்திருப்பது நல்லது'ன்னு அதுல போட்டிருக்கே சார்?" என்று சின்னப்புள்ளி வாயை விட்டுவிட்டாள்.

"அது மத்தவங்களுக்கும்மா. எல்லாரும் காத்திருக்கிற நேரத்துல நான் மட்டும் வித்துடணும். அதுதான் சாமர்த்தியம்."

நான்காவது இதழில் அவள் ஏற்றத்தையும் விட்டாள், இறக்கத்தையும் விட்டாள். 'தற்போதைய நிலையில் எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை.' நான்கு வாரத்தில் அவள் எழுதிய ஒரே உண்மை அதுதான்.

அதுதான் எல்லாவற்றையும் விட மோசமாக வேலை செய்தது. "அவங்களுக்கே ஒண்ணும் தெரியலையாம்! எவ்வளவு பெரிய ஆபத்து பாருங்க!" என்று வீட்டுக்காரர் தரகரையும் ஒரு தம்பதியையும் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "பாருங்க, தாராளமா பாருங்க. நான் உட்கார்ந்திருக்கிற இடத்தை விட்டுட்டு மத்ததைப் பாருங்க."

வந்த பெண்ணுக்கு அம்மா உட்கார்ந்திருந்த இடம்தான் பிடித்தது. "என்ன வெளிச்சம்! ஊசியில நூல் கோக்கறதுகூடத் தெரியுதே" என்று கணவனிடம் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்துவிடலாம் என்றார் கணவர். தரகர் வாசல் கதவைத் தன் வீட்டுக் கதவு போலத் தட்டிப் பார்த்தார்.

"மெதுவா தட்டுங்க. உள்ள ஆள் இருக்கோம்" என்றாள் அம்மா. குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் இடது கை வலது பக்கம் ஏறியிருந்ததைச் சின்னப்புள்ளி பார்த்துவிட்டாள். பதினோரு வருடத்தில் அம்மா அப்படித் தைத்ததில்லை.

வீட்டுக்காரரின் பின்னாலேயே படியேறி ஓடினாள். "சார், அந்தக் கணிப்பெல்லாம் நான் எழுதினது. முதல் மூணும் தப்பு. நம்பாதீங்க."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீயா? நல்ல பொண்ணும்மா நீ. அம்மாவுக்காக எவ்வளவு பெரிய பொய் சொல்றே! அதை எழுதறவர் பெரிய மேதை. ஒவ்வொரு வாரமும் எனக்காகவே எழுதற மாதிரி இருக்கும்."

திங்கள் காலை அவள் மேனேஜர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"சார், முதல் மூணு வாரமும் தப்புன்னு இன்னிக்கே திருத்தச் சீட்டு போகணும்."

"முடியாது. பிரசுரத்தோட மானம் என்னாகறது?"

"என் அம்மா உட்கார்ந்திருக்கிற இடம் போகுது சார். மானம் வேணும்னா அப்புறம் தைச்சுக்கலாம். நீங்க கையெழுத்துப் போடலேன்னா என் பேரைப் போட்டு நானே அனுப்பறேன். வேலையை விட்டு எடுக்கணும்னா எடுத்துக்குங்க."

இவ்வளவு நீளமாக அவள் அந்த அறையில் பேசியதே இல்லை. மேனேஜர் பேனாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். அதற்குள் அவள் கீழ்த்தளத்தில் இருந்தாள். தபால் பிரிவு அக்கா கவர்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தத் திருத்தச் சீட்டு எல்லாருக்கும் இன்னிக்கே போயாகணும். முந்நூறு பிரதி எடுத்திருக்கேன். போதுமா?"

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அலமாரியிலிருந்து விலாசம் ஒட்டிய ஒரு கவரை எடுத்து மேசையில் போட்டாள். சின்னப்புள்ளியின் தெரு, சின்னப்புள்ளியின் கட்டடம், நாலாவது மாடி.

"ஒண்ணு போதும்டி கண்ணு. மத்தவங்கெல்லாம் நிறுத்தி மூணு வருஷமாச்சு. இவர் ஒருத்தர் ஆயுள் சந்தா கட்டித் தொலைச்சதாலதான் உங்க செக்‌ஷனையே மூடாம வச்சிருக்காங்க."

மார்ச் 31, திங்கள். திருத்தச் சீட்டை அனுப்பவில்லை. நாளைய வேலை: பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடித்தனம் இருக்கும் வீடுகளைத் தனியாகப் பிரித்து, அவற்றை விற்காதவர்கள் அடைந்த லாபத்தை முதல் பக்கத்தில் போட வேண்டும். முடிவு தயார். ஆதாரம் தேட வேண்டும்.