சாம்பிள் டிரம்மில் சுற்றிய கட்டி

பேரணாம்பட்டு
8-8-1986, வெள்ளிக்கிழமை

மைத்துனன் பரந்தாமனுக்கு உன் மாமா கோவிந்தசாமி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அக்காவும் நலமாக இல்லை. அவ்விடம் நீ நலமா என்று கேட்கும் எண்ணமும் எனக்கு இல்லை. ஆனாலும் கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். விசாரித்துவிட்டேன். இனித் திட்டுகிறேன்.

உன் கார்டு நேற்றுக் கிடைத்தது. எனக்குக் கிடைப்பதற்கு முன்னால் ஊருக்கே கிடைத்தது. உன் அக்கா சம்பூர்ணத்தின் கழுத்தில் இருக்கிற கட்டி என்ன வகை என்று தெரியாமல் ஒரு மாதமாக எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. நீயோ வேலூரில் அதைச் சோதிக்கிற லேபிலேயே வேலை பார்த்துக்கொண்டு, அந்த விஷயத்தைத் திறந்த கார்டில் எழுதிப் போடுகிறாய். தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் போகிற வழியில் டீக்கடையில் ஒருவன், "இன்னா மேஸ்திரி, ரிசல்ட்டுக்கு இன்னும் பத்து நாளாமே, மருந்து ஏரோப்ளேன்ல வரணுமாமே" என்று கேட்டபோதுதான் நீ கார்டு போட்டிருப்பதே எனக்குத் தெரிந்தது. தபால்காரன் படித்து, டீக்கடைக்காரன் படித்து, பக்கத்துப் பீடிக் கம்பெனிக்காரன் சத்தம் போட்டு வாசித்து, கடைசியில் என் கைக்கு வந்தது. அதில் "முதல் துண்டு மாதிரி ஆகிவிடாமல் இந்த முறை ஜாக்கிரதையாகச் செய்கிறோம்" என்று ஒரு வரி வேறு. உன் அக்கா அதைப் படித்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும்? சோதனைக்கென்று அறுத்து எடுத்த முதல் துண்டை ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்கேயோ தொலைத்துவிட்டார்கள் என்றல்லவா நான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்! வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கார்டை அடுப்பில் போட்டுவிட்டேன். பாதி எரிந்த பிறகுதான் விலாசத்துக்குப் பக்கத்திலும் நீ ஏதோ எழுதியிருந்தது கண்ணில் பட்டது. அது என்ன என்று இன்னும் தெரியவில்லை. நல்ல செய்தியாக இருந்திருந்தால் அதையும் நீதான் கெடுத்தாய்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், தப்பு யார் மேல் என்று நீயே சொல். ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை, ஆம்பூர் நர்சிங் ஹோமில் உன் அக்காவின் கழுத்திலிருந்து நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு துண்டு எடுத்து, கண் எரிகிற தண்ணீர் ஊற்றிய சின்ன பாட்டிலில் போட்டு, "இன்னிக்கே வேலூர் லேபுல குடுத்துடுங்க" என்று டாக்டர் என் கையில் கொடுத்தார். அன்றைக்கென்று பார்த்து எங்கள் ஷாப்பில் மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போகிற லாரி நிற்கிறது. டிரம் மேஸ்திரி நான் போகாமல் ஒரு தோல்கூட ஏறாது. சரி, சம்பூர்ணத்தை வீட்டில் விட்டுவிட்டு லாரியை அனுப்பிய பிறகு போகலாம் என்று பேரணாம்பட்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் பாட்டில் மூடி கழன்று, தண்ணீரெல்லாம் என் துணிப் பையில் ஊற்றிக்கொண்டுவிட்டது. பாட்டிலில் துண்டு மட்டும் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கிறது. லாரி கிளம்பும்போது சாயங்காலம். மறுநாள் ஞாயிறு, உங்களுக்கு லீவு, எங்களுக்கு வேலை. எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு என்பது உனக்குத் தெரியும். இனித் திங்கட்கிழமைதான் வேலூர். இந்த ஆவணி மாதம் வந்தால் நான் தோலில் கை வைத்து முப்பத்தோரு வருஷம் முடிகிறது. உப்புப் போடாத பச்சைத் தோல் இரண்டு நாளில் என்ன ஆகும் என்று எனக்கு நீ சொல்லித்தர வேண்டியதில்லை. என் பெண்டாட்டியின் உடம்பிலிருந்து எடுத்தது, நாறிப்போக விட்டுவிடுவேனா?

அதனால் முதலில் உப்புப் போட்டேன். பிறகு கழுவி, அளவாக ஆசிட் தண்ணீரில் ஊறவைத்தேன். பிறகு தோலைப் பதப்படுத்துகிற குரோம் உப்பைக் கலந்து, சாம்பிள் பார்க்கிற சின்ன டிரம்மில் ஒரு ஆட்டுத்தோலோடு சேர்த்துத் துணியில் முடிந்து போட்டு, மூன்று மணி நேரம் சுற்றவிட்டேன். எடுத்து ஓரத்தில் ஒரு இழை நறுக்கிப் பார்த்தேன், நீலம் நடுவரைக்கும் பாய்ந்திருந்தது. அந்த இழையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், மயிரிழை அளவுகூடச் சுருங்கவில்லை. எங்கள் ஷாப்பிலிருந்து கப்பலேறுகிற சரக்கே சில சமயம் அந்தச் சோதனையில் தோற்றுப்போகும். இது தோற்கவில்லை. நான் அன்றைக்குச் செய்ததைவிட ஜாக்கிரதையாக எந்தப் புருஷனும் எந்தப் பெண்டாட்டிக்கும் செய்திருக்க மாட்டான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டீர்கள். உங்கள் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து வந்து, "இதைக் கொண்டாந்தது யாரு?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

"எதுல போட்டு வச்சிருந்தீங்க?"

மறைத்தேனா? இல்லையே. உப்பு இவ்வளவு, ஆசிட் இவ்வளவு, குரோம் இவ்வளவு, டிரம் மூன்று மணி நேரம் என்று அளவோடு சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பெரியவரே, நான் கேட்டது உங்க சம்சாரத்தோட சதை. நீங்க குடுத்திருக்கிறது தோலு. இத வச்சு நான் நோவு கண்டுபுடிக்க முடியாது, செருப்புதான் தைக்கலாம்."

"நல்ல சரக்குதாங்க. கொதிக்க வச்சும் பார்த்தேன், சுருங்கலியே" என்றேன். லேப் முழுக்கச் சிரித்தது. "இவருக்கு யாராச்சும் புரியுற மாதிரி சொல்லுங்கப்பா. இங்க இவருக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். நீ அங்கேதான் நின்றாய் பரந்தாமா. ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாய். துடைத்தாய், துடைத்தாய், அந்தத் தகடு தேய்கிற அளவுக்குத் துடைத்தாய். உன் கல்யாணத்தில் உனக்கு மோதிரம் போட்டவன் அங்கே பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்கிறேன், இவர் என் மாமா என்று உன் வாயில் ஒரு சொல் வரவில்லை. கட்டியைவிட எனக்கு அதுதான் அன்றைக்கு வலித்தது.

பிறகு தாழ்வாரத்துக்கு வந்து, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் மாமா என்றாய். விளக்கம் சொன்னாய். "மாமா, சாதா சாயத்துல பார்த்தா அந்த அணுவெல்லாம் உருண்டையா, ஊதாவா, ஒரே மாதிரி தெரியுது. எங்கருந்து வந்த நோவுன்னு சொல்ல முடியல. அதுக்குன்னு புதுசா ரெண்டு மருந்து வந்திருக்குது. ஒண்ணு வெள்ளை அணு வகையத் தேடிப் போய் ஒட்டும், கழுத்துல வீங்கியிருக்கிற நெறியோட சொந்த அணுவெல்லாம் அந்த வகைதான். இன்னொண்ணு கெரட்டினத் தேடிப் போய் ஒட்டும். எங்க ஒட்டுதோ அங்க பிரவுன் கலர் எழும்பும். மொதல் மருந்துல பிரவுன் வந்தா அது நெறியிலயே பொறந்த நோவு, ஊசி மருந்துக்குக் கட்டுப்படும். ரெண்டாவதுல வந்தா வேற எங்கயோ உள்ள பொறந்து, முத்தி, இங்க வந்து குடியேறினது. அப்படி இருந்தா..." என்று சொல்லி நிறுத்திவிட்டாய். நானும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன், அது என்ன சாயம் அப்பா, ஆள் பார்த்துப் பாய்கிற சாயம்? நான் டிரம்மில் பிரவுன் போட்டால் உள்ளே இருக்கிற நானூறு தோலிலும் பாயும். ஒன்றில் பாய்ந்து ஒன்றில் பாயாவிட்டால் முதலாளி என்னை ஷாப்பு வாசலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பார். உங்கள் லேபில் ஒன்றில் பாய்ந்து ஒன்றில் பாயாமல் இருந்தால் அதையே ரிப்போர்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள்! இதிலே கெரட்டின் என்றால் எனக்குத் தெரியாது என்று நினைத்து மெதுவாக எழுத்துக்கூட்டிச் சொல்கிறாய். மயிரும் நகமும் மேல்தோலும்தானே கெரட்டின்? முப்பத்தோரு வருஷமாக அதைச் சுண்ணாம்புக் குழியில் போட்டுக் கரைத்து வழித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறவனிடம் கெரட்டினைப் பற்றிப் பேசுகிறாய். "குரோம் எல்லாத்தையும் இறுக்கிக் கட்டிடுச்சு மாமா, மருந்து போய் ஒட்ட எடமே இல்ல" என்று குறை வேறு. இறுக்கிக் கட்டுவதற்குத்தானே குரோம் போடுகிறோம், அவிழ்த்துவிடுவதற்கா? அது தெரிந்த பிறகாவது சும்மா இருந்தீர்களா? இருந்த சீமை மருந்தையெல்லாம் அந்தத் தோல்மேல் ஊற்றி ஊற்றித் தீர்த்துவிட்டு, இப்போது மருந்து இல்லை, ஐஸ் பெட்டியில் வைத்து ஏரோப்ளேனில் வர வேண்டும், பொறுமையாக இருக்கவும் என்று கார்டு போடுகிறாய். யாரைப் பொறுமையாக இருக்கச் சொல்கிறாய்? கூடப் பிறந்தவள் கழுத்தாக இருந்தால் இப்படிச் சொல்வாயா என்று கேட்க வந்தேன், அவள் உன் கூடப் பிறந்தவள்தான், அதனால்தான் எனக்கு இன்னும் ஜாஸ்தியாகக் கோபம் வருகிறது.

போன மாதம் முப்பத்தொன்றாம் தேதி அவளை இரண்டாவது தடவை அறுத்தார்கள். உள்ளே போவதற்கு முன்னால், "திரும்பவும் எதுக்குங்க?" என்று கேட்டாள். அன்றைக்கு லேபிலிருந்து வந்ததும் சொன்னதையே, தொலைச்சுட்டாங்க என்பதையே, மறுபடியும் சொன்னேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஒரு கழுத்தில் இரண்டு தையல். குளிக்கும்போது தண்ணீர் படாமல் இருக்க ஒரு கையால் அந்தப் பக்கத்தை மூடிக்கொண்டு ஒரு கையால் ஊற்றிக்கொள்கிறாள், பார்க்க முடியவில்லை. இதற்கும் நீதான் காரணம். லேபில் பத்து வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன், என் வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருப்பாய், ஒரு தடவையாவது, "மாமா, ஒடம்புலருந்து எடுத்தத குரோமுல போடாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறாயா? சொல்லியிருந்தால் போட்டிருப்பேனா? நீ படித்தவன், உனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். உனக்கும் எனக்கும் இன்றோடு பேச்சு வார்த்தை இல்லை. என் வாசலை மிதிக்காதே. ரிசல்ட் வந்தால் உன் கூட வேலை பார்க்கிற வேறு யாரையாவது விட்டு, ஒட்டிய கவரில் எழுதச் சொல். உன் அம்மா பட்டம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல். உன் மனைவி சுந்தரியும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும். உனக்கு மட்டும் என்னிடம் ஆசீர்வாதம் ஸ்டாக் இல்லை.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷனாக மட்டும் இருக்கிற
கோ. கோவிந்தசாமி

பின்குறிப்பு: மேலே உள்ளதை மடித்துக் கவரில் போட்டு எச்சில் தொட்டு ஒட்டப் போகிறபோது வாசலில் நீயே வந்து நின்றாய். வாசலை மிதிக்காதே என்று எழுதிய மை காயவில்லை. மருந்து கார்டு போட்ட மறுநாளே வந்துவிட்டதாமே, லீவு போட்டுவிட்டு ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாய். முதல் மருந்தில் பிரவுன், எங்கே பார்த்தாலும் பிரவுன். கெரட்டினில் ஒன்றுமே இல்லை. நெறியிலேயே பிறந்த நோய், ஊசிக்குக் கட்டுப்படும் என்று டாக்டரம்மா தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நீ உள்ளே சாப்பிட உட்கார்ந்தாய். நான் கூடத்தில் இந்தக் கடிதத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன். அவள் உன்னைக் கேட்டது எனக்கும் கேட்டது. "அந்த மொத துண்டத் தொலைச்சது எவன்டா? பேரு சொல்லு, நான் வந்து கேக்கறேன்." நீ, "நான்தான்க்கா. கை தவறிடுச்சு" என்றாய். உன்னை அவள் திட்டிய திட்டு நான் ஏழு பக்கம் எழுதியதைவிட நன்றாக இருந்தது. நீ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாய்.

நீ பஸ்ஸுக்குப் போன பிறகு என்னால் முடியவில்லை. அவளிடம் நானே சொல்லிவிட்டேன், உப்பிலிருந்து டிரம் வரைக்கும், கொதிக்கவைத்தது உட்பட. பாத்திரம் ஏதாவது பறந்து வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "தொலைச்சுட்டாங்கன்னு நீங்க சொன்னப்பவே நான் நம்பல. நோவு முத்திப்போச்சு, அத்த எங்கிட்ட சொல்ல தைரியம் இல்லாம கதை உடறீங்கன்னு நெனச்சேன். பதினெட்டு நாளா, நான் போனப்புறம் உங்களுக்கு யாரு சோறு போடுவாங்கன்னு யோசிச்சிக்கினு கெடக்கறேன். டிரம்முல போட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நல்லா நாலு திட்டு திட்டிட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பேன்" என்றாள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடலாம் என்று இரண்டு தடவை கையில் எடுத்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வராததால் அனுப்பியே விடுகிறேன். வருகிற புதன்கிழமை முதல் ஊசிக்கு ஏழு மணி பஸ்ஸில் அழைத்துக்கொண்டு வருகிறேன். ஏழு பக்கத்தையும் அடித்துத் திருப்பி எழுத எனக்குத் தெம்பில்லை. திட்டு வருகிற இடத்திலெல்லாம் உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்.