வந்த பெண்ணுக்கு ஒரு பிரெஞ்சு நடிகை

லேக் மார்க்கெட், கொல்கத்தா
ஞாயிறு மாலை

அன்புள்ள நாகலக்ஷ்மி அத்தைக்கும் அத்திம்பேருக்கும் வித்யாலக்ஷ்மி அநேக நமஸ்காரம். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். பூஜை விடுமுறைக்கு நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிவைத்த ஸ்மிதா எங்களைவிடச் சௌக்கியம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வாட்ஸாப்பில் எழுதினால் அவள் எட்டிப் பார்ப்பாள் என்பதால் நோட்டுத் தாளில் எழுதுகிறேன். நடந்தது அனைத்தையும் உண்மையாகவே பதிவு செய்வேன். உங்கள் மகள் என்பதற்காகக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

எங்கள் தெருவில் பிமல் காகு இருக்கிறார். காகு என்றால் சித்தப்பா. தெருவுக்கே அவர் சித்தப்பா. கிளப் மாடியில் ஞாயிறுதோறும் படம் போடுவார். இந்த முறை எலோயீஸ் மார்வால் என்ற பிரெஞ்சு நடிகையின் பன்னிரண்டு படங்களை, அவர் நடித்த வரிசையிலேயே, வாரத்துக்கு ஒன்றாகப் போட்டார். நான் ஒரு வாரமும் தவறவில்லை. முதல் படத்தில் அவருக்கு வயது பத்தொன்பது. ரொட்டிக் கடைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து சிரிப்பார், அவ்வளவுதான். பதினோரு விநாடி, கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நான்காவதில் பேரிக்காய்த் தோலை ஒரே சுருளாக உரித்துக்கொண்டே கணவனுக்கு விஷம் வைப்பார். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவே ஒன்பது வருடம் அவரை யாரும் கூப்பிடவே இல்லை. எட்டாவதில் அம்மா வேஷத்தில் திரும்பி வந்தபோது நான் அழுதுவிட்டேன். இன்று கடைசிப் படம். எழுபத்தெட்டு வயதில், ரயில் நிலைய பெஞ்சில், ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பாராம். படத்துக்கு முன்னால் அவருடைய திரை வாழ்க்கையைப் பற்றி யாராவது வங்காள மொழியில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று காகு சொல்லியிருந்தார். யார் என்று கேட்கவே அவசியமில்லை. குறிப்பு நோட்டு வைத்திருந்தவள் நான் ஒருத்திதான்.

இப்போது ஸ்மிதா. வந்த அன்றே ஜன்னலோரக் கட்டில் அவளுக்கு. "வந்த பொண்ணுடீ" என்றாள் அம்மா. முதல் தோசை அவளுக்கு, இனிப்பு டப்பாவில் மிச்சமிருந்த ஒரே சந்தேஷ் அவளுக்கு, கரியாஹாட் கடைத்தெருவுல நான் மூணு மாசமா பாத்து வச்சிருந்த நீலத் தோடும் அவளுக்கு. கேட்டா, வந்த பொண்ணு. பொறுத்துக்கொண்டேன். போன ஞாயிறு பதினோராவது படத்துக்கு அவளையும் அழைத்துப் போனோம். பாதிப் படம் தூங்கினாள். முழித்துக்கொண்டு, "இந்த மாமி ஏன் எப்பப் பாத்தாலும் ஜன்னலையே பாத்துண்டிருக்கா? கேஸ் சிலிண்டர் வரணுமா?" என்று சத்தமாகக் கேட்டாள். அத்தை, எலோயீஸ் மார்வாலை மாமி என்றாள்! படம் முடிந்து வாசலில் காகு நின்றார். அப்பா அவரிடம் வங்காளத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "பிமல் அண்ணா, இவ எங்காத்துக்கு வந்திருக்கற பொண்ணு. அடுத்த வாரம் இவளே பேசட்டுமே. வித்யாவுக்கென்ன, இங்கேயே இருக்கறவதானே." காகுவும் தலையை ஆட்டிவிட்டார். தோடு போச்சு, தோசை போச்சு, இப்போ எலோயீஸ் மார்வாலும் வந்த பொண்ணுக்கு!

"அப்பா, அவளுக்கு வங்காளம் ஒரு அட்சரம் தெரியாதே!" என்றேன். "நீ தமிழ் எழுத்துல எழுதிக் குடு, பாத்துப் படிச்சுடுவா" என்றார். எழுதினேன். படத்துக்கு ஓர் அட்டை, மூலையில் எண் போட்டு, பன்னிரண்டு அட்டைகள். என் நோட்டின் ரத்தமெல்லாம் அதில் இருக்கிறது. இன்று அவள் மேடை ஏறியபோது அந்த அட்டைகள் எப்படியோ தலைகீழ் வரிசையில் இருந்தன. எங்கள் வீட்டு மின்விசிறி மிக வேகமாகச் சுற்றும் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். அர்த்தம் தெரியாதவள் ஆகையால் அவள் பாட்டுக்கு பெஞ்சில் உட்கார்ந்த கிழவியிலிருந்து ஆரம்பித்தாள். சபை சிரிக்கும் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வாசிக்க வாசிக்க எலோயீஸுக்கு வயது குறைந்துகொண்டே வந்தது. அந்த ஒன்பது வருடம் முதலில் வந்து, அப்புறம் அவர் புகழ் பெற்று, கடைசியில் பத்தொன்பது வயதில் கதவைத் திறந்து உள்ளே வந்து சிரித்தார். அதற்கு மேல் அட்டை இல்லாததால் ஸ்மிதாவும் சிரித்தாள். ஹாலே எழுந்து கை தட்டுகிறது! முன்வரிசை மாஷிமா, அதாவது நம்ம ஊர் மாமி, ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். காகு, "ஒரு வாழ்க்கையை இப்படிப் பின்னாலேர்ந்து சொல்ல யாருக்குத் தோணும்! இன்னிக்குக் கடைசிப் படம் வேண்டாம், அந்தக் கதவையே மறுபடி பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, முதல் படத்தின் டிஸ்க்கை எடுத்துவர வீட்டுக்கு ஓடியிருக்கிறார். நான் பன்னிரண்டு வாரம் காத்திருந்த படமும் போச்சு. அவளைச் சுற்றி மாஷிமாக்கள். நான் மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆகவே அத்தை, எனக்கு யார் மேலும் பொறாமை கிடையாது என்றாலும், விஜயதசமிக்கு மறுநாள் போட்டிருக்கும் டிக்கெட்டை மாற்றி ஸ்மிதாவை உடனே அழைத்துக்கொள்ளவும். தாயைப் பிரிந்து குழந்தை எவ்வளவு நாள் இருப்பாள்? அத்திம்பேர் முழங்கால் வலி குணமாக வேண்டிக்கொள்கிறேன். உங்கள் இருவர் ஆசீர்வாதத்தையும் கோரும்,

வித்யாலக்ஷ்மி

பி.கு.: டிக்கெட்டை மாற்ற வேண்டாம். மாற்றுவதென்றால் தீபாவளிக்கு அப்புறம் மாற்றவும். ஸ்மிதா இப்போதுதான் பாதி தின்ற சமோசாவுடன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பின்னாலேயே மாஷிமாக்கள் வந்து என் கன்னத்தைக் கிள்ளினார்கள். "எனக்கு ஒரு வார்த்தை புரியல, எல்லாம் வித்யா எழுதினது" என்று ஸ்மிதா அவர்கள் எல்லாரிடமும் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். "அட்டை வரிசை மாறியிருந்ததே, நீ பயந்துபோகலையா?" என்று மெல்லக் கேட்டேன். "வங்காளம்தான் தெரியாது, நம்பர் கூடவா தெரியாது? பன்னெண்டு மேல இருந்துது. நீ யோசிச்சுதான் மாத்தியிருப்பேன்னு அப்படியே படிச்சுட்டேன்" என்கிறாள். அத்தை, மேலே மின்விசிறி என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். காலையில் அவள் குளிக்கப் போனபோது திருப்பி அடுக்கியது நான். "எங்கம்மாக்கா எழுதறே? நான் சமத்தா இருக்கேன்னு எழுதுடீ" என்கிறாள். சமத்தாகத்தான் இருக்கிறாள், எழுதிவிட்டேன். மின்விசிறி விஷயத்தை அவளிடமே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் படம் போட விளக்கை அணைத்துவிட்டார்கள்.