கொழுந்தனார் கொண்டுவந்த ஓட்டை அட்டைகள்

வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்தவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வாயைத் திறக்காமல் கெடுத்தவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. அப்படிக் கண்டுகொள்ள ஆரம்பித்தால் முதல் ஆளாக என்னைத்தான் பிடிப்பார்கள்.

எனக்கு அப்படி ஒரு கூச்சம். கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியும், என் கொழுந்தனார் குமரேசனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "அண்ணி, தண்ணி" என்பார். தண்ணீர் போய்ச் சேரும். (சொம்பு வைத்த கையை அவருக்கு அடையாளம் தெரிந்திருக்கும். முகம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.)

அவர் மெட்ராஸில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் வேலையில் இருந்தார். எண்பதுகள் பிறந்த சமயம் அது. அந்த வேலை என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கு மாமியார் சொல்லும் பதில் ஒன்றுதான். "பெரிய மிஷினு ஒண்ணு கீதாம். அது இன்னா செய்யணும்னு இவன் எழுதிக் குடுக்கணுமாம்."

ஆடிக் கிருத்திகைக்கு நாலு நாள் லீவில் வந்தார். மற்றவர்கள் லீவில் வந்தால் பையில் துணிமணி இருக்கும். இவர் பையில் செங்கல் கனத்துக்கு மூன்று இங்கிலீஷ் புத்தகங்கள், பொத்தானைத் தட்டினால் சிவப்பாக எண் எரியும் கால்குலேட்டர், அழுத்தினால்தான் மணி காட்டும் கைக்கடிகாரம், மடித்து மடித்து வந்த நீளக் காகிதம். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, லீவு முழுக்க இதைப் படித்துக்கொண்டே படுத்திருக்கப் போவதாகச் சொன்னார். கூடவே வட்டமும் சதுரமும் சாய்சதுரமுமாக வெட்டிய ஒரு பிளாஸ்டிக் தகடு.

"இன்னாடா இது, கோல அச்சா?" என்றார் மாமியார்.

"மிஷினு எப்பிடி எப்பிடிப் போவணும்னு இத்த வெச்சித்தாம்மா படம் போடறது. இது இல்லன்னா எனக்குக் கையே ஓடாது."

மாமியார் மறுநாள் காலையில் அதை வாசலுக்கு எடுத்துப்போய் மாவு தூவிப் பார்த்துவிட்டார். அதற்குக்கூடக் கொழுந்தனார் கோபப்படவில்லை. ஒரே ஒரு பொருளுக்குத்தான் காவல். அது ஒரு பழைய செருப்பு டப்பா.

"இத்த மட்டும் யாரும் தொடாதீங்க. திங்கக்கெழம காலைல பெரியவங்க எதிர்ல மிஷின்ல ஓட்டிக் காட்டணும். ஓடிச்சின்னாதான் வேலைய பர்மனென்ட் பண்ணுவாங்க."

வேலை பர்மனென்ட் ஆனால்தான் கல்யாணம். கனகம்மாசத்திரத்தில் சரளா என்று ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். "காயிதம் கைக்கு வரட்டும், ஆவணியிலயே முகூர்த்தம் வெச்சிக்கலாம்" என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். ஆக, அந்தச் செருப்பு டப்பாவுக்குள் ஒரு கல்யாணம் இருந்தது.

சனிக்கிழமை கிருத்திகை. கொழுந்தனார் விடியும்போதே மலையேறப் போய்விட்டார். என் வீட்டுக்காரருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. ஸ்பெஷல் ரயில்களோடு அன்றைக்கு அவர் அங்கே மாட்டிக்கொண்டார். மலையிலிருந்து இறங்கி வரும் உறவுக்காரர்களுக்குச் சமைக்க நான் வீட்டில். மாமியார் கிளம்பும்போது செருப்பு டப்பாவைப் பார்த்தார்.

"முருகன் படத்துக்குக் கீழ கொண்டாந்து வெச்சிக்கிறான் பாரு. எடுத்து வேற எடத்துல வைம்மா."

"தொடக் கூடாதுன்னாரே அத்தை" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன்.

டப்பாவைத் தூக்கினேன். அடிப்பக்கம் இளகிப்போன டப்பா அது. உள்ளே இருந்ததெல்லாம் என் காலடியில் கொட்டியது. ரப்பர் பேண்ட் அறுந்து, இருநூறு அட்டைக்கு மேல் கட்டிலுக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால் என்று சிதறிப்போயின. வெளியே தெருவெல்லாம் அரோகரா சத்தம். நான் அட்டைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். எந்தப் புடவையோடு போவது என்பது வரை யோசித்தாயிற்று.

ஒரு அட்டையை எடுத்துப் பார்த்தேன். வரிசை வரிசையாக ஓட்டைகள்.

எனக்குப் பிறந்த வீடு அம்மையார்குப்பம். நைனா தறியில் புடவைக்கு பார்டர் போட ஜக்கார்டு பெட்டி உண்டு. எந்த இழை மேலே போக வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்வது ஓட்டை போட்ட அட்டைகள்தான். அஞ்சாவதோடு படிப்பு நின்றதும் எனக்கு வேலையே அந்த அட்டைகளை வரிசையாக நூலில் கோர்ப்பது. ஆக, மாமியார் சொன்ன பெரிய மிஷின் எது என்று அன்றைக்கு எனக்கு விளங்கிவிட்டது. மெட்ராஸில் ஏதோ ராட்சசத் தறி. நம் கொழுந்தனார் அதற்கு டிசைன் போடுகிறார். இதற்கா இத்தனை ரகசியம்.

முதலில் வரிசை. சிதறாமல் கிடந்த ஒரு சிறு அடுக்கின் விளிம்பில் சாய்வாகப் பென்சில் கோடு தெரிந்தது. அப்படியென்றால் ஒவ்வொரு அட்டையின் விளிம்பிலும் ஒரு புள்ளி இருக்கும். வரிசையாக அடுக்கினால் புள்ளிகள் சேர்ந்து கோடாகும். அறுந்த இழையைத் தேடிப் பழகிய கண். ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் புள்ளி பார்த்து அடுக்கினேன். பருப்பு அடிபிடித்த வாசனை வந்தது. எழுந்திருக்கவில்லை. நாலைந்து அட்டைகளில் மட்டும் எது முன், எது பின் என்று சந்தேகம். முருகன் மேல் பாரத்தைப் போட்டுச் செருகினேன். கோடு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நேராக ஓடியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

இனி விழுந்தாலும் சிதறக் கூடாது என்று தோன்றியது. தலையணை தைக்கும் ஊசியையும் கெட்டி நூலையும் எடுத்து, ஒரு அட்டைக்கு நாலு துளை போட்டு, இரண்டு பக்கமும் கோர்த்து, நைனாவே குறை சொல்ல முடியாதபடி மடித்து வைத்தேன்.

மத்தியானம் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார்கள். கொழுந்தனார் மேல் அட்டையைத் தூக்கினார். பின்னாலேயே அடுத்தது வந்தது. அதன் பின்னால் அடுத்தது. கையை உயர்த்திக்கொண்டே போனார்; அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு பண்ணது இது?"

"நல்லாத்தானே கோத்து வெச்சிக்கிறா, இன்னா இப்போ?" என்றார் மாமியார்.

கதவுக்குப் பின்னால் நின்ற நான், ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் பேசினேன்.

"கோக்காம எப்பிடிங்க தறி ஓடும்?"

"தறியா?" என்றார். கையிலிருந்த அட்டையை என் பக்கம் நீட்டினார். "அண்ணி, இது ஒண்ணொண்ணா மிஷினுக்குள்ள போவணும். நூல எடுத்துடலாம். ஓட்டைய இன்னா பண்றது? ஒரு ஓட்டை ஜாஸ்தியானாலே அது தப்பா படிக்கும்."

"விழுந்துடுச்சிங்க" என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

அவர் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எல்லா அட்டைகளையும் புதிதாகக் குத்த வேண்டும் என்று சொல்லி, அடிபிடித்த பருப்புச் சோற்றை நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, சாயங்கால ரயிலுக்கே கிளம்பிவிட்டார். மூன்று புத்தகங்களும் பிரிக்காமல் மேஜையிலேயே கிடந்தன.

திங்கட்கிழமை நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. தபால்காரர் தெருமுனையில் மணியடித்தால் வாசலுக்கு ஓடுவேன். புதன்கிழமை ஒரு கார்டு வந்தது. மாமியாருக்கு எழுத்து தெரியாது.

"படிம்மா."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். "ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாம் புதிதாகக் குத்திவிட்டேன். ஆனால் மிஷின் பாதியில் நின்றுவிட்டது. இரண்டு அட்டைகள் இடம் மாறியிருந்தன. அடுத்த வாய்ப்பு ஐப்பசியில்தான் தருவார்களாம். பெண் வீட்டில் பக்குவமாகச் சொல்லவும். அண்ணிக்கு இது தெரிய வேண்டாம்."

கடைசி வரியையும் சேர்த்து நான்தான் படித்துக் காட்டினேன்.

"சரி, தெரிய வேணாம்" என்றார் மாமியார்.

ஐப்பசியில் மிஷின் ஓடியது. காயிதமும் வந்தது. ஆவணியில் நடக்க வேண்டிய கல்யாணம் தையில் நடந்தது. தாலி கட்டி முடித்ததும் பெண்ணின் அப்பா என்னைக் காட்டி, "இவங்கதானா அது?" என்று கேட்டார். பந்தி வரைக்கும் கதை போய்விட்டது.

சரளாவுக்கும் எனக்கும் இப்போது முடி முழுக்க நரைத்துவிட்டது. பக்கத்துப் பக்கத்து வீடுதான். கொழுந்தனார் ரிட்டையர் ஆகி வீட்டோடு இருக்கிறார், எதற்கெடுத்தாலும் இதை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று வழிமுறை சொல்லிக்கொண்டு. பொங்கல் வந்தால் பேரப்பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்காமல் விடுவதில்லை. மற்ற நாட்களில், புருஷனோடு சண்டை போடும்போதெல்லாம் சரளா நேராக என் சமையலறைக்கு வந்து, அரிசி முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

"அக்கா, அன்னிக்கி இன்னும் கொஞ்சம் கெட்டியா தைச்சிருக்கக் கூடாதா நீங்க?"