பூட்டுக்காரரின் விசிட்டிங் கார்டு

"சப்புன்னு இருக்கு" என்றாள் மனைவி.

பூட்டுக்காரர் கையிலிருந்த மாதிரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை அட்டை. பெயர், தொழில், முகவரி, போன் நம்பர். இதற்குமேல் அதில் என்ன வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை.

"நாளைக்குக் காலைல அந்தப் புது அடுக்குமாடி மேனேஜர் கையில குடுக்கணும். இது போதாதா?"

"பூட்டைத் திறக்கிற ஆளு நீங்க. முகம் தெரியலைன்னா யாரு வீட்டுக்குள்ள விடுவாங்க? ஒரு போட்டோ போடுங்க."

மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. வேலை பார்த்த கம்பெனி மூடிய அன்று, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் முன்னறையைக் காலி செய்து "இங்கேயே கடை போடுங்க" என்றவள் அவள். பழைய பைக்கைக் கொடுத்தவன் அவள் தம்பி. முதல் கட்டு அட்டையைச் சும்மாவே அடித்துத் தருகிறேன் என்றவர் பக்கத்துத் தெரு அச்சகக்காரர். இத்தனை பேர் தாங்கிப் பிடிக்கும்போது 'வேண்டாம்' என்பது நன்றி கெட்டதனம் என்று நினைக்கிற ஜாதி நம் பூட்டுக்காரர். அந்தப் புது அடுக்குமாடிக் கட்டடத்தின் பூட்டு வேலை கிடைத்தால் கடை நிற்கும். இல்லாவிட்டால் மறுபடி எவனிடமாவது கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

போட்டோ போட்டார்கள். அவரிடம் உருப்படியாக இருந்தது கல்யாணப் படம் ஒன்றுதான். அச்சகக்காரர் படத்திலிருந்து மனைவியை வெட்டிவிட்டு அவரை மட்டும் வைத்தார். தோளில் ஒரு கை மட்டும் மிச்சம் நின்றது.

"இது யார் கை?" என்றாள் மனைவி.

"உன் கைதான்."

"கை மட்டும் போதும், ஆள் வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்க."

ஆளையும் சேர்த்தார்கள். சாயங்காலம் வந்த மச்சினன் அட்டையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"மாமா, இது கல்யாணப் பத்திரிகை மாதிரியில்ல இருக்கு. கறுப்புல அடிச்சு, தங்க எழுத்து போடுங்க. பாத்தவுடனே பெரிய ஆள்னு தெரியணும்."

பைக் கொடுத்தவன் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போகுமா? கறுப்பு அடித்தார்கள். கறுப்பு மறுபக்கம் ஊறித் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. அச்சகக்காரர் கொஞ்சமும் அசரவில்லை.

"கவலைப்படாதீங்கண்ணே, பின்னால இன்னொரு அட்டை ஒட்டிடுவோம்."

ஒட்டியதில் பசை ஈரம் ஏறி, அட்டை அப்பளமாக நெளிந்தது. நெளிவு எடுக்க இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்தார். தங்க எழுத்து உதிராமலிருக்க மேலே பளபள உறை போட்டார். ஓரம் கையைக் கிழிக்காமலிருக்க நாலு பக்கமும் நறுக்கி எடுத்தார்.

"அண்ணே, ஒரே ஒரு சின்ன விஷயம்" என்றார் கடைசியில். "நறுக்கினதுல போன் நம்பர் போயிடுச்சு."

பூட்டுக்காரர் அட்டையை மேசையில் தட்டிப் பார்த்தார். ஓடு மாதிரி 'டக்' என்றது. திரும்ப அடிக்க நேரமில்லை. அச்சகக்காரரின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"முகவரி இருக்கே, அது போதும். எனக்காக இவ்வளவு பாடுபட்டீங்களே" என்றார்.

மறுநாள் காலை மேனேஜர் அட்டையை வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"தம்பதி சமேதமா இருக்கீங்க. கல்யாணம் எப்போ?"

"ஆகி ரொம்ப நாளாச்சு சார். பூட்டு வேலைக்காக வந்திருக்கேன்."

"எங்க பூட்டெல்லாம் உயர்ந்த சரக்கு. பழுதே வராது." வாசலில் நின்ற வாட்ச்மேனிடம் அட்டையை நீட்டினார். "இந்தா, இதை நீயே வெச்சுக்கோ."

வீட்டுக்கு வந்த பூட்டுக்காரர் நடந்ததைச் சொன்னார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் போட்டோவாலதான் கெட்டுது."

"தங்க எழுத்து போடச் சொன்னது நான்தானே அக்கா" என்று தலைகுனிந்தான் மச்சினன்.

"யாரும் அப்படிப் பேசக் கூடாது" என்றார் அவர். "வேலை போன ஆளுக்கு ஒரு கார்டு போட இத்தனை பேர் மெனக்கெட்டீங்க. எனக்கு அதுவே பெரிசு." மனதாரத்தான் சொன்னார். அடுக்குமாடி வேலை கிடைக்காததைவிட இவர்கள் முகம் வாடியதுதான் அவரை வாட்டியது.

அப்போது வாசலில் வாட்ச்மேன் வந்து நின்றார். கையில் அந்த அட்டை.

"நம்பரைத் தேடிப் பாத்தேன், காணோம். அதான் நேரிலேயே வந்துட்டேன். மேனேஜர் உடனே வரச் சொன்னார். எல்லா வீட்டுக்கும் புதுப் பூட்டு போடணுமாம். வேற யாரையும் கூப்பிடக் கூடாதாம்."

பூட்டுக்காரர் துள்ளி எழுந்தார். வாட்ச்மேனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மனைவி மச்சினனைப் பார்த்தாள், மச்சினன் அவளைப் பார்த்தான்.

"கார்டைப் பாத்துதானே மனசு மாறினார்?" என்றாள் அவள். "எது புடிச்சுதாம், போட்டோவா, தங்க எழுத்தா?"

"அதெல்லாம் தெரியாதும்மா. மேனேஜர் சாவியை ஆபீஸ் உள்ளேயே வெச்சுக் கதவைச் சாத்திட்டார், நான் இந்த அட்டையை இடுக்குல விட்டு ஒரு தள்ளு தள்ளினேன், திறந்துக்கிச்சு. அவருக்குச் சந்தேகம் வந்து மத்த கதவையும் தள்ளிப் பாக்கச் சொன்னார், ஒண்ணு விடாம அத்தனையும் திறந்துக்கிச்சு."