கையில் ஒரு வழுக்கை

உத்திரமேரூர் வட்டாரத்திலேயே என்னை அதிகமாகக் கொதிக்க வைத்த மனிதர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: மொழுக்கையார். இத்தனை வருஷம் கழித்தும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் அவர் எங்கள் ஊர் அரிசி மில்லில் இன்ஜின் ஓட்டினார். மில் ஓடாத நேரமெல்லாம் பஜார் சலூனில்தான் குடியிருப்பு. சவரம் செய்துகொள்ள அல்ல. சவரக் கத்தியைச் சோதிக்க! அவரை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் பார்த்து ‘சரி’ சொல்லாமல் எவன் கன்னத்திலும் கத்தி இறங்காது. தன் கை முடியிலேயே சோதித்துச் சோதித்து, அவருடைய இடது கை ஒரு முடிகூட இல்லாமல் மொழுமொழுவென்று இருக்கும். பெயர் வந்தது அப்படித்தான்.

சலூன்காரர் கட்டைவிரல் நகத்தில் கத்தியை வைத்துப் பார்த்தால் போதும், இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“நகத்துல இன்னாபா தெரியும்? நகமா தாடி வச்சிக்கினு கீது? தோலு மேல வச்சி இழுத்தா மொக்கைக் கத்தி கூடத்தான் வெட்டும். தோலத் தொடாம முடிய மட்டும் தொட்டுப் பாரு. தானா வுழுந்தா அது கத்தி. இல்லன்னா புடுங்கும், நாள் பூரா எரியும்.”

“அப்ப நீயே வந்து செரைய்யா!” என்று சலூன்காரர் கத்துவார். கத்திவிட்டு, தோல் வாரில் மறுபடி தீட்டுவார்.

நான் திருமுக்கூடலுக்குப் பெண் பார்க்கப் போகவேண்டிய காலையிலும் அந்த ஆள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். இடது கை போதாமல் அவருடைய வலது கையிலும் அறுவடை முடிந்திருந்தது. சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

“மாப்ள மூஞ்சி எரியக் கூடாது நைனா.”

கத்தி சரியில்லை. தீட்டினார்கள். அப்போதும் சரியில்லை. மறுபடி தீட்டி, மறுபடி என் கையில் சோதனை. ‘சரி’ வந்தபோது என் முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை விழுந்திருந்தது.

பெண் வீட்டில் காபி டம்ளரை வாங்கக் கையை நீட்டினேன். பெண்ணின் அப்பா என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. “சொல்லி அனுப்பறோம்” என்றார். தரகர் மூலம் சொல்லி அனுப்பியது இதுதான்: பையனுக்குத் தோல் வியாதி, வேண்டாம்.

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. கூட வந்த சொந்த மாமாவோ, “விட்டுத் தள்ளு, வேற பாக்கலாம்” என்று தன் ஊருக்குப் போய்விட்டார். நான் சலூனுக்குப் போய் மொழுக்கையாரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவரோ சலூன்காரர் அலற அலறக் கத்தியைப் பிடுங்கித் துண்டில் சுற்றினார், என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பெண் வீட்டு வாசலில் நின்று இரண்டு சட்டைக் கையையும் சுருட்டினார். “இன்னா வியாதின்றீங்க? எனுக்கும் கீது, பாருங்க!”

பெண்ணின் அப்பா பின்னால் நகர்ந்தார். “ஐயோ, ஒட்டுவாரொட்டியா?”

எனக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. அதற்குள் மொழுக்கையார் பாய்ந்து பெரியவரின் கையைப் பிடித்துக் கத்தியை ஒரு ஓட்டு ஓட்டினார். முடி பறந்தது.

“இப்ப உங்களுக்கும் கீது. பேஜார் வுட்டுதா?”

“இன்னா அக்கிரமம்யா இது!” என்று பெரியவர் கர்ஜித்தார். கர்ஜித்துக்கொண்டே அந்த இடத்தைத் தடவினார். இன்னொரு தரம் தடவினார். “எரியவே இல்லியே?” என்றார்.

உள்ளே அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். பெரியவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாள் குறிக்கப் பஞ்சாங்கம் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்க அவரைத் திட்டினேன். கத்தியோடு ஒரு வீட்டுக்குள் பாயலாமா, போலீஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விடாமல் கத்தினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

கண்டக்டருக்கே பொறுக்கவில்லை. “பாவம்பா, வயசான மனுசன். யாரு இவரு உனுக்கு?”

“எங்க வூட்டுப் பெரியவரு” என்றேன், கோபம் தணியாமலே.